பின்சக்கரம் சொன்ன கணக்கு

மன்றத்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் செயலாளர் என்னைக் கேட்டபோது, காசி நகரில் இருப்பவன் கங்கையைப் பற்றியோ பாரதியார் இங்கே படித்த நாட்களைப் பற்றியோ எழுதுவான் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்து டயரைப் பற்றி எழுதப் போகிறேன். நண்பர்கள் சிரிக்கலாம். ஆனால் விடுதி வாசலில் நிற்கும் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். நம்மில் பாதிப்பேர் தினமும் லங்கா வாசலுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் அந்த இரண்டு ரப்பர் வளையங்களை நம்பித்தான் போய் வருகிறோம். நம்பியது போதும், கொஞ்சம் தெரிந்தும் கொள்ளலாமே என்பதுதான் என் எண்ணம். தெரியாமல் இருந்ததால் எனக்கு நேர்ந்ததையும் கூடவே சொல்லிவிடுகிறேன்.

ஆராய்ச்சி உதவித்தொகையில் இரண்டு வருஷம் மிச்சம் பிடித்து 2024 ஜனவரியில் ஒரு புது வண்டி வாங்கினேன். பஜாஜ் நிறுவனத்தார் செய்யும் டொமினார் 400 என்பது அதன் பெயர். 2016 டிசம்பரில் முதன்முதல் வெளிவந்தது. 2019-இல் யந்திரத்தைத் திருத்தி இன்னும் சக்தியுள்ளதாக ஆக்கினார்கள். 373 கன சென்டிமீட்டர் கொண்ட ஒற்றை சிலிண்டர், ஆறு கியர், 40 குதிரைச் சக்தி. இந்த வகை வண்டிக்கு ஸ்போர்ட் டூரர் என்று பெயர். பந்தய வண்டி ஓட்டுகிறவன் பெட்ரோல் தொட்டியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். சாதாரண வண்டியில் நிமிர்ந்து உட்காரலாம்; வேகம் கூடினால் காற்று நெஞ்சில் அறையும். இது இரண்டுக்கும் இடைப்பட்டது. வேகமாகவும் போகவேண்டும், நாள் முழுதும் போகவேண்டும், பின்னால் ஒருவரும் இரண்டு மூட்டையும் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காகச் செய்தது.

முதல் நாள் அனுபவம் பெருமைக்குரியது அன்று. வண்டியின் எடை ஏறத்தாழ 190 கிலோ. ஓடும்போது அது தெரியவே தெரியாது. விடுதிக் கொட்டகையில் பின்னுக்குத் தள்ளி நிறுத்தும்போது தெரியும். அன்று மாலை இரண்டு பேர் கைகொடுத்துத்தான் நிறுத்தினேன். மறுநாள் விடியற்காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத வளாகச் சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மனம் சமாதானம் அடைந்தது. மூன்றாவது கியரில் கைப்பிடியைச் சிறிது திருகினாலும் வண்டி முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் முன்னே போகிறது. வளைவில் உடம்பைச் சற்றுச் சாய்த்தால் போதும், தானே அந்தப் பக்கம் இறங்கி, தானே நிமிர்கிறது. அந்த இதமான சாய்வு யந்திரத்தின் குணம் என்று அப்போது நினைத்தேன். அதில் பெரும் பங்கு டயரின் உருண்ட வடிவத்துக்கு உரியது என்பது நாலு மாதம் கழித்து, அந்த உருட்சி போன பிறகுதான் தெரிந்தது.

புது டயரை முதல் நாளே நம்பக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அச்சிலிருந்து எளிதாக வெளிவருவதற்காகப் பூசும் பொருளின் மிச்சமும், தேயாத வழவழப்பும் மேல்தோலில் இருக்கும். முதல் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அதிகம் சாய்க்காமல், திடீர்ப் பிரேக் போடாமல் ஓட்டவேண்டும். மேல்தோல் சற்று உரசிப் போனபின்தான் ரப்பர் சாலையைப் பிடிக்கும்.

டயரின் பக்கச் சுவரில் என்னென்னவோ எழுதியிருக்கிறதே, அதை யாராவது படித்ததுண்டா? நான் படித்ததில்லை. என் பின்டயரில் 150/60 ஆர் 17 என்றும், பக்கத்தில் 66 எச் என்றும் இருந்தது. 150 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு. அதாவது 90 மில்லிமீட்டர். 17 என்பது சக்கர வளையத்தின் விட்டம், அங்குலக் கணக்கில். ஆர் என்றால் ரேடியல். உள்ளே நூலிழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேர்க்குறுக்காகப் போடப்பட்டவை. 66 என்பது பளுவுக்கான குறி. அந்த எண்ணுக்கு 300 கிலோ. எச் என்பது வேகக் குறி; மணிக்கு 210 கிலோமீட்டர். இன்னொரு மூலையில் முட்டைவடிவக் கட்டத்துக்குள் 3923 என்ற நாலு இலக்கம். 2023-ஆம் வருஷத்தின் 39-வது வாரத்தில் பிறந்த டயர் என்று அர்த்தம். கடையில் புது டயர் என்று விற்பது எத்தனை வருஷம் பரணில் தூங்கியது என்பதை இந்த நாலு இலக்கம் காட்டிக் கொடுத்துவிடும்.

டயரின் குழிகளுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் உண்டு. தேய்மான அடையாளம் அதுதான். மேல்பரப்பு தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. என் டயரில் அந்த மேட்டின் உயரம் சுமார் 1 மில்லிமீட்டர்.

ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் காலிப்பர் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? அதன் வால்கம்பியைக் குழிக்குள் விட்டு ஆழம் பார்த்துக் குறித்து வைத்தேன். 500 கிலோமீட்டரில், பின்டயரின் நடுவில் 6.2 மில்லிமீட்டர். 3,000 கிலோமீட்டரில் 5.6. இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு 0.6 மில்லிமீட்டர் தேய்மானம். இந்தக் கணக்கில் போனால் இருபதாயிரம் கிலோமீட்டர் தாங்கும் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடும் இட்டேன். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை.

மே மாதம் விடுமுறை வந்தது. காசியிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரே சாலை போகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். பழைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை, 2,369 கிலோமீட்டர், இந்தியாவிலேயே நீளமானது என்று பெயர் பெற்றிருந்தது. 2010-இல் எண்களை மாற்றியபின் அதன் தென்பகுதி 44-ஆம் எண் சாலையில் சேர்ந்துவிட்டது. சொந்த ஊர் நாமக்கல்லும் அதே சாலையில்தான் இருக்கிறது. ரெயிலில் இடம் கிடைக்கவில்லை என்பது வெளியில் சொன்ன காரணம். உண்மையான காரணம், வண்டியை ஊருக்குக் காட்டவேண்டும் என்ற ஆசை. திருநெல்வேலி நண்பர் ஒருவர் பின்னால் உட்கார்ந்துகொள்ள ஒப்புக்கொண்டார். என் தந்தையிடம் டெலிபோனில் சொன்னபோது, அவர் "வேண்டாம்" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அதே சாலையில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர் அவர்.

மிர்ஸாபூர், ரேவா, ஜபல்பூர். பிறகு சிவனி தாண்டிப் பெஞ்ச் காடு. அங்கே புலிகளும் மான்களும் கீழே கடந்து போவதற்காகச் சாலையைத் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அடியில் ஒரு புலியாவது தெரியுமா என்று என் நண்பர் எட்டி எட்டிப் பார்த்து வண்டியை ஆட்டியதுதான் மிச்சம். நாகபுரி வெயிலைப் பற்றி எழுதப் போவதில்லை, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆதிலாபாத்தில் இரண்டாம் இரவு, கர்நூலில் மூன்றாம் இரவு, கிருஷ்ணகிரியில் நான்காம் இரவு. சுங்கச் சாவடிகளில் மோட்டார் சைக்கிளுக்குக் காசு இல்லை. இடது ஓரத்துச் சந்து வழியாக லாரிகளின் வரிசையைத் தாண்டிப் போகும்போது ராஜமரியாதையாக இருந்தது.

இந்தச் சுகத்தில் நான் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று. தனியாக ஓட்டும்போது வைத்திருந்த காற்று எவ்வளவோ அவ்வளவோடே புறப்பட்டேன். வண்டி 190 கிலோ, நாங்கள் இருவரும் 140, மூட்டைகள் 20. ஆக 350 கிலோ. அதில் அறுபது சதவீதம் பின்சக்கரத்தில் விழுந்தால் 210 கிலோ. இந்தப் பளுவைத் தாங்குவது ரப்பர் அன்று. உள்ளே அடைபட்ட காற்று. சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு அழுத்தம் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு இரண்டே கால் கிலோ. 210-ஐ இரண்டே காலால் வகுத்தால் 93 சதுர சென்டிமீட்டர். பின்டயர் சாலையைத் தொடும் இடம் அவ்வளவுதான்: ஓர் உள்ளங்கை அகலம். காற்று குறைந்தால் பளு குறையாது. ஆகவே டயர் இன்னும் சப்பையாகி, தொடும் பரப்பை அதிகமாக்கிக்கொள்ளும். பரப்பு அதிகமானால் பிடிப்பு நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். நானும் அப்படி நினைத்ததுண்டு. கோளாறு அங்கே இல்லை, பக்கச் சுவரில் இருக்கிறது.

ஒரு ரப்பர் பந்தைக் கீழே போடுங்கள். போட்ட உயரத்துக்கு அது திரும்பி வருவதில்லை. வராத மிச்சம் உஷ்ணமாகிப் பந்துக்குள்ளேயே தங்கிவிட்டது. டயரும் அப்படியே. தரையைத் தொடும் இடத்தில் பக்கச் சுவர் மடங்குகிறது, தாண்டியதும் நிமிர்கிறது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உஷ்ணம் உள்ளே தங்குகிறது. என் பின்சக்கரத்தின் சுற்றளவு 1.92 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்குப் பதின்மூன்று சுற்று. காசியிலிருந்து நாமக்கல்லுக்குச் சுமார் 2,000 கிலோமீட்டர். அந்தச் சுவரின் ஒவ்வோர் இடமும் பத்து லட்சம் தடவைக்கு மேல் மடங்கி நிமிர்ந்திருக்கிறது. காற்று சரியாக இருந்தால் மடிப்பு சிறியது, உஷ்ணமும் சிறியது. காற்று பாதியானால் ஒவ்வொரு மடிப்பும் பெரிதாகி, உஷ்ணம் வெளியேறுவதற்குமுன் அடுத்த மடிப்பு வந்துவிடுகிறது. சூடேறிய ரப்பர் சுலபமாகத் தேயும். அதோடு உள்ளே நூலிழைக்கும் ரப்பருக்கும் உள்ள பிணைப்பும் தளரும்.

இதற்கு மேல் வேகம் வேறு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுவது. 80-இல் போவதைவிட 110-இல் போனால் அந்த எதிர்ப்பு ஏறத்தாழ இரண்டு பங்கு. அவ்வளவு விசையையும் சாலையில் ஊன்றித் தள்ளவேண்டியது பின்டயர் ஒன்றுதான். அப்படித் தள்ளும்போது கண்ணுக்குத் தெரியாதபடி அது சிறிது வழுக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த வழுக்கலில்தான் ரப்பர் உதிர்கிறது. முன்டயர் பெரும்பாலும் சும்மா உருண்டு வருவது. ஆகவே அது மெதுவாகத் தேய்கிறது. நேர்ச்சாலையில் வண்டி சாயவே சாயாததால் பின்டயரின் நடுப்பட்டை மட்டும் தேய்ந்து தட்டையாகிறது. ஓரங்கள் புதிதாகவே இருக்கின்றன. உருண்டையாக இருந்தது, வண்டிச் சக்கரம்போல் சப்பையாகி, இரண்டு பக்கமும் விளிம்பு வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட வண்டியை வளைவில் சாய்த்தால் முதலில் முரண்டு பிடிக்கும். விளிம்பைத் தாண்டியதும் தொப்பென்று விழுவதுபோல் இறங்கும். நெடுஞ்சாலைக்கென்று செய்யும் சில டயர்களில் நடுவில் கடினமான ரப்பரும் ஓரங்களில் மிருதுவான ரப்பரும் வைப்பது இதற்காகத்தான்.

அனந்தபூர் தாண்டியதும் கைப்பிடி கனத்தது. ராயலசீமையின் குறுக்குக் காற்று என்றேன். நண்பரும் ஆமோதித்தார். வெளிக்காற்றின் மேல் பழியைப் போட்டேனே ஒழிய, உள்காற்றைப் பார்க்கவில்லை. கிருஷ்ணகிரியில் காலையில் கிளம்பும்போதாவது பார்த்திருக்கலாம். அங்கே காற்று அடிக்கும் இடத்தில் கூட்டம். ஊர் இன்னும் மூன்று மணி நேரம்தான். அம்மா தோசைக்கு அரைத்து வைத்திருப்பாள். இவைதாம் காரணங்கள்.

தருமபுரியைக் கடந்து சேலத்துக்கு வரும் வழியில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. இறக்கமும் வளைவும் சேர்ந்த இடம். பிரேக் பிடிக்காத லாரிகள் எத்தனையோ உயிர்களை வாங்கிய இடம். முந்தின இரவு கோடை மழை பெய்து சாலை ஈரமாக இருந்தது. இரண்டாவது வளைவில் சாய்த்தேன். வண்டி சாயவில்லை. இன்னும் சற்று அழுத்தினேன். ஒரே அடியாக இறங்கியது. பின்பாகம் வெளிப்பக்கமாக நழுவி, மீண்டும் வந்து, மீண்டும் நழுவியது. பக்கத்தில் இரும்புக் கம்பிகள் ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. என் நண்பர் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஏல, நிறுத்துல! பின்னாடி ஆடுது!" என்று கத்தினார். பிரேக்கைத் தொடாமல் கைப்பிடியை மட்டும் தளர்த்தி, வேகம் தானே குறையவிட்டு ஓரத்துக்கு வந்தேன். அது அறிவால் செய்ததா பயத்தில் கை மரத்துப் போனதாலா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. லாரி கடந்து போயிற்று. நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

மூட்டைகளை இறக்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே அடிவாரத்துப் பஞ்சர் கடைக்கு வந்தோம். டயரில் ஒரு சிறு ஆணி. ட்யூப் இல்லாத டயர் ஆகையால் ஆணியே அடைப்பாக இருந்து, காற்று மெல்ல மெல்லக் கசிந்திருக்கிறது. கடைக்காரர் அழுத்தம் பார்த்தார்.

"பதிமூணுதான் இருக்குது தம்பி. ரெண்டு பேரு, இத்தனை மூட்டை வேற. எத்தனை தூரமா இப்பிடியே வாறீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கர்நூலிலிருந்தா, அதற்கும் முன்பா? அவர் ஆணியைப் பிடுங்கித் திரி செருகி, காற்று நிரப்பி அனுப்பினார்.

நாமக்கல்லில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அப்பா பின்சக்கரத்தைப் பார்த்தார். குனிந்து, உள்ளங்கையை டயரின்மேல் வைத்து முன்னுக்கும் பின்னுக்கும் தடவினார். பிறகு பக்கச் சுவரில் விரல்களை வைத்து அமுக்கிப் பார்த்தார். திரி செருகிய இடத்தையும் கண்டுகொண்டார்.

"காத்துப் பாக்காமயே ஓட்டிட்டு வந்தியா கண்ணு?"

"ஆமாங்கப்பா."

"சாப்பிடு போ. டயரை நான் பாத்துக்கறேன்."

எனக்கு ரோஷம் வந்தது. சாப்பிட்டதும் பையிலிருந்து வெர்னியரை எடுத்து அளந்தேன். நடுவில் 4.1 மில்லிமீட்டர். ஓரங்களில் ஏறக்குறையப் பழைய ஆழமே. முன்பு இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரில் 0.6 தேய்ந்தது, இப்போது இரண்டாயிரத்திலேயே 1.5 தேய்ந்துவிட்டது, கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் மூன்று பங்கு வேகம். இருந்தாலும் அடையாள மேட்டுக்கு இன்னும் மூன்று மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறதே! இதே வேகத்தில் தேய்ந்தாலும் நாலாயிரம் கிலோமீட்டர் வரும். காசிக்குத் திரும்ப இரண்டாயிரம் போதும். புது டயருக்கு மூன்று மாத மெஸ் பணம் ஆகும். ஆகவே இந்த டயரோடே திரும்புவது என்று முடிவு கட்டி, கணக்கை அப்பாவிடம் காட்டினேன்.

அவர் கணக்கில் குற்றம் காணவில்லை. "வா" என்று மட்டும் சொல்லித் தமக்குத் தெரிந்த டயர் கடைக்கு அழைத்துப் போனார். நாமக்கல்லில் லாரிக்குக் குறைவில்லை, ஆகவே டயர் கடைக்கும் குறைவில்லை. டயரைச் சக்கரத்திலிருந்து கழற்றச் சொல்லி, உட்பக்கத்தை வெளிச்சத்தில் பிரித்துக் காட்டினார். உள்ளே கறுப்பு மாவுபோல ரப்பர்த் தூள் படிந்திருந்தது. பக்கச் சுவரின் உட்புறத்தில் வட்டம் முழுதும் சுருக்கம் விழுந்த ஒரு கோடு. விரலால் தடவினால் சொரசொரப்பாகத் துருத்தியது. வெளியே ஒரு கீறலும் இல்லை.

"மேல பாத்தா நாலு மில்லி இருக்குதுங்கற. உள்ள செத்துப் போச்சு. எம்பதுல போறப்ப வெடிச்சா என்ன பண்ணுவ?" என்றார் அப்பா. கடைக்காரர் அதற்குமேல் ஒன்றும் சேர்க்கவில்லை. பழைய டயரைத் தூக்கி மூலையில் போட்டார். லாரி டயரைப்போல இதற்கும் மேல்பட்டை ஒட்டிக்கொள்ள முடியாதா என்று கேட்டேன். சாய்ந்து ஓடும் வண்டிக்கு அந்த வேலையே கூடாது என்று சிரித்தார்.

நான் அளந்த ஆழம் பொய் இல்லை. அளக்க முடியாத இடத்தில் சேதம் இருந்தது, அவ்வளவுதான். வெர்னியரின் கம்பி குழிக்குள் போகும், சுவருக்குள் போகாது. முப்பது வருஷத்தில் இதை அப்பா எந்த எந்தச் சாலையில், யாருடைய வண்டியில் கற்றுக்கொண்டார் என்று கேட்க எனக்கு அன்று தைரியம் இல்லை.

ஒரு சிறு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். காற்றடைத்த டயரை 1845-இலேயே தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டுபிடித்து உரிமை பெற்றார், யாரும் பொருட்படுத்தவில்லை. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் அதிராமல் ஓடுவதற்காக அதை மறுபடியும் கண்டுபிடித்தார். அந்தக் காலத்து டயர்கள் வெளுப்பானவை. கரிப்பொடி கலந்தால் ரப்பர் பல மடங்கு உழைக்கும் என்று பின்னால் தெரிந்து, உலகத்து டயர்கள் எல்லாம் கறுப்பாயின. பிள்ளைக்காகத் தகப்பன் சக்கரத்தைப் பார்ப்பது பழைய வழக்கம்தான் போலிருக்கிறது.

திருநெல்வேலி நண்பர் அன்று மாலையே பஸ் ஏறிவிட்டார். "திரும்பும்போது நான் ரெயிலில் வருகிறேன், தப்பாக நினைக்காதே" என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. ஜூனில் நான் தனியாகவே திரும்பினேன்; புது டயர், மணிக்கு 80-க்கு மேல் போகவில்லை, தினமும் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பார்த்தேன். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் தானே ஏறியிருக்கும்; அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் ஆறியபின் குறைந்துவிடும். இதையும் அப்பாதான் சொல்லி அனுப்பினார். காசி வந்து சேர்ந்ததும் அளந்தேன். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு 0.5 மில்லிமீட்டர்.

அப்பா வாங்கிக் கொடுத்த காற்றழுத்தம் பார்க்கும் கருவி என் அறை மேஜை இழுப்பறையில் இருக்கிறது. கை அகலம்கூட இல்லை. விலையும் இரண்டு சினிமாவுக்கு மேல் போகாது. வேண்டிய நண்பர்கள் எப்போது வந்தாலும் இரவல் தருகிறேன். அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.